வெங்காயம் இல்லாத சூப்பில் வெங்காய வாசனை

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது என்னிடம் வந்து, "தங்கமான மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கமா பித்தளையா என்பதைக் கூடவே வாழ்கிறவளிடம் அல்லவா கேட்க வேண்டும்? கல்யாணமான புதிதில், குக்கரில் ஆவி நிற்கவில்லை என்று அவரிடம் கொடுத்தேன். மனுஷன் தரையில் செய்தித்தாளை விரித்தார். குக்கரில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றி அதன்மேல் வரிசையாகப் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கோ பசி காதை அடைக்கிறது.

"ரப்பர்தாங்க போயிருக்கும். அதை மட்டும் மாத்துனா என்ன?" என்றேன்.

"ரப்பர்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லார் வீட்லயும் ரப்பர்தான் போகும்."

"நம்ம வீட்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த திருகைக் கையில் எடுத்தார்.

கடைசியில் பார்த்தால் ரப்பர்தான் போயிருந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் பழக்கத்தை வைத்து, இதுவாக இருக்கும் அதுவாக இருக்கும் என்று கைவைப்பார்கள். இவர் எல்லா இணைப்பையும் முதலில் பிரித்துவிடுவார். பிறகு ஒன்றைக் கொடுப்பார், ஓட்டிப் பார்ப்பார். அடுத்ததைக் கொடுப்பார், ஓட்டிப் பார்ப்பார். எதைக் கொடுக்கும்போது இடறுகிறதோ அதைத்தான் பிடிப்பார். கட்டடத்துக்காரர்கள் கீழே நின்று கத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கத்தல் இவர் காதில் ஏறவே ஏறாது. என்னோடு குடித்தனம் நடத்திப் பழகிய காது.

இன்னொரு பழக்கமும் உண்டு. சரிசெய்த லிஃப்ட்டில் முதலில் அவர்தான் ஏறுவார். சொந்தக்காரர் வந்து நின்றாலும் சரி, மேலே யாராவது அவசரமாகப் போக வேண்டியிருந்தாலும் சரி, வேறு ஆளை ஏறவிட மாட்டார். காலிப் பெட்டியை மேலும் கீழும் ஓடவிடுவார். அப்புறம் பெட்டியின் கூரைமேல் நின்றபடி, இரண்டு பக்கமும் கிரீஸ் பூசிய தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலே போவார். அப்புறம்தான் உள்ளே நின்று ஒரு சுற்று. உச்சி மாடியை எட்டியதும் இரும்புக் கதவில் ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவார். டங், டங், டங். அந்தச் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் இறங்கி வரும். அதைக் கேட்ட பிறகுதான் வாட்ச்மேன் 'பழுது' என்று எழுதிய பலகையை எடுப்பார்.

எங்கள் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, நாங்கள் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்ட்டில் இவர் வேலை பார்த்தால், கீழ்த்தளக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டாள். மூன்று தட்டும் கேட்டதும், "அப்பா ஏறிட்டாரு! அப்பா ஏறிட்டாரு!" என்று குதிப்பாள். அதுவரைக்கும் அவள் முகத்தில் இருக்கும் கவலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

சமையல் என் ராஜ்யம். பகல் முழுக்கப் பொத்தானும் ஜிப்பும் விற்கிற கடையில் நின்று கால் கடுக்க வீடு வந்தாலும், அடுப்படிக்குள் போனால் எனக்குத் தனித் தெம்பு வந்துவிடும். என் கோழி சூப்பைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் என்ன செய்வது, அது அப்படிப்பட்ட சூப். வெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் போட்டு, பொன்னிறத்தையும் தாண்டி நன்றாகச் சிவக்கும்வரை வதக்குவேன். அதில் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிக் கிளறி, கோழி வெந்த தண்ணீரை ஊற்றி, உருளைக்கிழங்கும் கேரட்டும் வெந்ததும் பாலை விட்டு, மிளகைத் தட்டிப் போட்டு இறக்குவேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த சூப். பரீட்சையில் கோட்டைவிட்டால் அந்த சூப். ஒருத்தன் காதலிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டியபோதும் அதே சூப்தான். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "போறான் விடும்மா" என்றாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் படுத்தாள். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் அவள். தண்ணீரில் மிரளுகிற பிள்ளைகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக் கரையில் உட்காரவைக்கிற அளவுக்குத் தோளில் பலம். வயிற்றில் ஏதோ தொற்று வந்து, வாந்தியும் போக்குமாய் அவளை உருட்டிப்போட்டுவிட்டது. தொற்று போய்விட்டது. வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. எதைச் சாப்பிட்டாலும் பலூன்போல் ஊதிக்கொள்ளும், பிசைந்து பிசைந்து வலிக்கும், குளியலறைக்கு ஓட வேண்டும். இல்லாத பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எல்லாம் சுத்தம் என்று வந்தது. டாக்டர் நல்ல மனுஷி. "தொற்று போயிருச்சு. ஆனா குடல் இன்னும் அந்த மிரட்சியில இருக்கு. வெறும் கற்பனைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வலி நிஜம்" என்றார். எனக்கு அந்த வார்த்தையே பாதி ஆறுதலாக இருந்தது.

ஆனால் மகளுக்கு வலியைவிட பயம் பெரிதாக வளர்ந்துவிட்டது. தட்டைப் பார்த்தாலே முகம் வெளுக்கும். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. "பசிக்குதும்மா. ஆனா சாப்பிட பயமா இருக்கு" என்பாள். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும், நாண்டுகொண்டு சாக? இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வரும் வழியில் பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "குழாயே போட்டுரட்டும்மா. அப்பவாவது நான் சாப்பிட வேண்டியதில்லை" என்றாள். இவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்து அவள் தோளில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் உணவு யோசனை சொல்ல ஒரு சின்னப் பெண் இருந்தாள். மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் கைக்குட்டை, ஓயாத தும்மல். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் நான்கையும் கொஞ்ச காலம் நிறுத்தச் சொன்னாள். வயிறு அமைதியானதும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். 'ஒவ்வொன்றாக' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெங்காயத்துல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"சர்க்கரை மாதிரிதான் சார் ஒண்ணு. சங்கிலியா கோத்திருக்கும். சில பேர் வயித்துல அது செரிக்காம அப்படியே கீழ போயி, அங்க புளிச்சு வாயுவாகும். இனிக்காது, ஆனா சர்க்கரை ஜாதி." அதற்குள் அடுத்த தும்மல். அடுத்த ஆளும் உள்ளே வந்துவிட்டார்.

வெறும் சோறும் வெந்த கோழியும் கேரட்டும் கொடுத்தோம். வயிறு சத்தம் போடவில்லை. ஆனால் அவள் நாலு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். ஒருநாள் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, "அந்த சூப்பை ஒரே ஒரு தடவை பயப்படாம குடிச்சா போதும்மா. அதுக்கப்புறம் எதை வேணாலும் சாப்பிட்டுருவேன்னு தோணுது" என்றாள். நான் என்ன சொல்வேன்? அந்த ஆஸ்பத்திரிப் பெண் வேண்டாம் என்று சொன்ன நான்கும் சேர்ந்ததுதானே அந்த சூப்.

இவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. மறுநாள் நான் கடையிலிருந்து வந்தால் அடுப்படித் தரையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. அதன்மேல் வெங்காயம், பூண்டு, மாவு, பால், வெண்ணெய், கோழி, உருளை, கேரட், மிளகு எல்லாம் வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு.

"என்ன கூத்து இது? என் சூப் என்ன உங்க மோட்டாரா, கழட்டிப் பரப்ப?" என்று கத்தினேன்.

"பிரிச்சாத்தான் தெரியும்" என்றார்.

"பிரிச்சா அது சூப் இல்லைங்க. கடை சாமான்."

அவர் கோழியை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். தண்ணீர் ஊற்றி வேகவை என்று அர்த்தம்.

நாள்கள் போயின. கோழித் தண்ணீரோடு உருளை வந்து சேர்ந்தது. வயிறு ஏற்றுக்கொண்டது. மாவுக்குப் பதிலாக அந்த உருளையிலேயே பாதியை மசித்துக் கரைத்தால் சூப் கெட்டியாகும் என்று நான்தான் சொன்னேன். மெக்கானிக்குக்கு மட்டும்தான் மூளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பால் போனால் போகட்டும் என்று விட்டோம். மிளகு கொஞ்சமாக வந்தது. இறக்கும்போது விட்ட ஒரு துளி வெண்ணெயும் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் சேரும்போது இவர் முதலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொள்வார். பிறகு கரண்டியைப் பார்த்தபடி நிற்பார்.

"நீங்க குடிச்சு என்ன ஆகப்போவுது? உங்க வயிறு கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றேன் ஒருநாள், விளையாட்டாகத்தான்.

"அதான்" என்றார். "இந்த லிஃப்ட்ல நான் மொதல்ல ஏற முடியல. அவளைத்தான் ஏத்த வேண்டியிருக்கு."

அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

சூப் கெட்டியானது, நிறம் வந்தது. வாசனைதான் இல்லை. வெங்காயமும் பூண்டும் இல்லாத சூப்பை மகள் மோந்து பார்த்துவிட்டு, "கோழி குளிச்ச தண்ணி" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் அடித்த முதல் ஜோக். நாங்கள் மூவரும் சிரித்தோம். ஆனால் கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது.

அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. மெல்லிய துணியில் ஒரு சின்னப் பை தைத்துத் தரக் கேட்டார். தைத்துக் கொடுத்தேன். வாயைக் கட்ட நாடாவும் வைத்தேன். வெங்காயத்தையும் பூண்டையும் அதில் போட்டு, இறுகக் கட்டி, கொதிக்கிற சூப்பில் இறக்கினார். நன்றாகக் கொதித்ததும் பையைத் தூக்கி வெளியே போட்டார். "பாகத்தைக் கழட்டியாச்சு. கோளாறும் அதோட போயிருக்கும்" என்றார். ஒரு துணுக்குகூட உள்ளே விழவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைத் தவிர வேறு யாருக்கும் வெங்காயத்தை இப்படி ஏற்றி இறக்கத் தோன்றியிருக்காது. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மகள் முழுக் கிண்ணத்தையும் குடித்தாள். "அம்மா, அதே சூப்!" என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பகல் சாய்வதற்குள் அவள் கட்டிலில் சுருண்டுவிட்டாள். வலி என்றால் அப்படி ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வரும்போது எழுந்து வழிவிடுவார், மறுபடி உட்காருவார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வலி அடங்கியது. ஆனால் அதற்குப் பிறகு அவள் வெறும் சோற்றையும் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். "உள்ள எதுவும் இல்லைன்னுதானே சொன்னீங்க? அப்புறம் எதைத்தான்மா நம்பறது?" என்று கேட்டாள். இவரைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

இவர் அடுப்படிக்கு வந்து செய்தித்தாளை மடித்தார். நாலாக மடித்து, குப்பைக் கூடையில் வைத்தார்.

"ஆளு உள்ள இருக்கறப்பவே சோதனை பண்ணிட்டேன்" என்றார். "இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் அப்படி ஏத்துனதில்ல. எம் பொண்ணை ஏத்திட்டேன்."

சண்டை போட்டே பழகிய நான் அன்றைக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆஸ்பத்திரித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எடை பார்ப்பார்கள். இவர் வேலைக்குப் போவார், வருவார், அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்.

பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம், அவசர வேலை என்று போனவர், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்தார். துடைத்த தரை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"செருப்பு!" என்றேன்.

"ரெண்டு கிளாஸ் குடு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். ஒன்றில் தண்ணீர் ஊற்றினார். இன்னொன்றில் சமையல் எண்ணெய் ஊற்றினார். இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். ஜன்னல் விளிம்பில் வெளிச்சத்துக்கு நேராக வைத்தார்.

"பாரு."

"பாத்தாச்சு. ஒரு கிளாஸ் எண்ணெய் பாழாப்போச்சு."

"சரியா பாரு."

பார்த்தேன். தண்ணீர் கிளாஸில் சர்க்கரையைக் காணோம். எண்ணெய் கிளாஸில் அத்தனையும் அப்படியே அடியில் உட்கார்ந்திருந்தது. எத்தனை கலக்கினாலும் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அடியிலேயே உட்கார்ந்தது.

அவர் மூச்சுவிடாமல் பேசினார். என் ஆயுளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு லிஃப்ட் கதவு ஓடுகிற பள்ளத்தில் யாரோ பழச்சாற்றைக் கொட்டியிருக்கிறார்கள். கதவு ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. இவர் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். பிசுக்கு எல்லாம் தண்ணீரோடு வந்துவிட்டது, கீழே இருந்த கிரீஸ் மட்டும் அப்படியே இருந்தது. பழச்சாற்றின் சர்க்கரை கிரீஸுக்குள் இறங்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? வெங்காயத்துல இருக்கறது சர்க்கரை ஜாதின்னு சொல்லுச்சா? நான் பையைத்தான் வெளிய எடுத்தேன். சர்க்கரை அதுக்கு முன்னாடியே தண்ணியில இறங்கிருச்சு. அவ குடிச்சது அந்தத் தண்ணியத்தான்." அவர் எண்ணெய் கிளாஸைத் தொட்டார். "இதுல போட்டா இறங்காதுல்ல? வெங்காயத்தோடயே நின்னுரும்ல? ஆனா வாசனை? வாசனை எண்ணெயில இறங்குமா? அதுதான் எனக்குத் தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, பூண்டு பொரிச்ச எண்ணெயில அடுத்து எதைப் பொரிச்சாலும் பூண்டுதான் மணக்கும். இதுகூடத் தெரியாதா?"

சொல்லி முடித்ததும் எனக்குப் புல்லரித்தது. அந்த இரண்டு கிளாஸையும் பார்த்தேன். எத்தனை ஆயிரம் தடவை வெங்காயம் வதக்கியிருப்பேன். வாசனை ஒரு வழியாகப் போகிறது, வலி இன்னொரு வழியாகப் போகிறது என்று கனவிலாவது நினைத்திருப்பேனா? சர்க்கரை டப்பாவும் எண்ணெய் பாட்டிலும் என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இத்தனை வருஷம் இருந்தன. செருப்போடு நிற்கிற இந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கும்பிடவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

இந்தத் தடவை கேட்காமல் செய்வதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

"அடுத்த தடவை நீங்க வர்றப்ப இதைத்தான் சார் சொல்லலாம்னு இருந்தேன். பூண்டு எண்ணெய், வெங்காய எண்ணெய். நிறைய பேருக்கு ஒத்துக்குது. நீங்களே வந்துட்டீங்க!" பிறகு விரலை உயர்த்தி எச்சரித்தாள். "தண்ணி ஒரு சொட்டு சேர்றதுக்கு முன்னாடி துணுக்கு எல்லாத்தையும் எடுத்துரணும். அப்புறம் அன்னன்னைக்குச் செய்யணும். பூண்டு எண்ணெயைச் செஞ்சு வெளிய வச்சுட்டுப் போகாதீங்க, கெட்டுப்போனா ஆபத்து. மேல தூவ வெங்காயத்தாளோட பச்சை மட்டும் போடுங்க, வெள்ளை வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் சட்டியில் வெண்ணெயைப் போட்டேன். அது சடசடவென்று பொரிந்தது. இவர் காதைச் சாய்த்தார்.

"என்ன சத்தம் அது?"

"வெண்ணெய்ல தண்ணி இருக்கும்ல, அது..." என்று சொல்லவந்த நான் அப்படியே நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சட்டியை இறக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயை ஊற்றினேன்.

வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் மெல்லச் சிவந்தன. இவர் எண்ணெயைத் துணியில் வடிகட்டினார். மறுபடி வேறு துணியில் வடிகட்டினார். ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெயிலில் அது தேன்போல் தெளிந்திருந்தது. அதைச் சுத்தமான சட்டியில் விட்டு, கோழித் தண்ணீரை ஊற்றி, மசித்த உருளையைக் கரைத்து, கேரட்டையும் மிளகையும் போட்டேன். கொதி வந்தது.

என்னவென்று சொல்வேன்? வீடே மணந்தது. என் சூப்பின் வாசனை. சட்டியில் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் இரண்டும் இருந்தன. நான் கரண்டியைப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையால் ஆன சமையலைப் பார்த்து நானே வாயடைத்து நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

கிண்ணத்தில் ஊற்றினேன். இவர் ஒரு கரண்டி குடித்தார். தலையை ஆட்டினார். அப்புறம் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் நகரவில்லை.

"நீ குடுத்துரு" என்றார்.

"நீங்க செஞ்சது. நீங்க குடுங்க."

"வேணாம். விட்டுருவோம். மறுபடி அவளை வச்சு சோதனை பண்ண என்னால முடியாது."

"அப்ப குழாய் போடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். என் நாக்குக்கு எப்போதும் அவசரம். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது அறைக்கதவு திறந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீச்சல் குளத்தில் கொடுத்த பழைய பனியன், இப்போது தோளில் தொங்கியது.

"வெங்காயம் போட்டிருக்கீங்களா?" என்றாள். குரலில் பயம்.

"போடல கண்ணு" என்றார் இவர்.

"வாசனை வருதேப்பா."

இவர் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு அவளை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். அந்த இரண்டு கிளாஸும் இன்னும் அங்கேயே இருந்தன. எடுக்க விட்டால்தானே. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். பை ஏன் மோசம் செய்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவள் எண்ணெய் கிளாஸை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். சர்க்கரை அடியில் மெதுவாகச் சரிந்தது. ரொம்ப நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல நீங்க மொதல்ல ஏற முடியாதுல்லப்பா?" என்று கேட்டாள்.

இவர் இல்லை என்று தலையசைத்தார்.

"பரவால்ல. நான் ஏறுறேன்."

கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் பின்னால் போகப் போனேன். "யாரும் பாத்துட்டு இருக்காதீங்கம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூடத்தில் உட்கார்ந்தோம். வடிகட்டியதில் மிஞ்சிய வெங்காயத்தையும் பூண்டையும் ரொட்டியில் வைத்து இவரிடம் கொடுத்தேன். கையில் வாங்கினார், வாயில் வைக்கவில்லை. குளியலறைக் கதவு திறக்கிறதா என்று இரண்டு பேர் காதும் அங்கேயே கிடந்தன. மாடியில் யாரோ நாற்காலி இழுத்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொழுது சாய்ந்தது. கதவு திறக்கவில்லை. குடித்தாளா, அப்படியே வைத்துவிட்டாளா, வலியில் சத்தம் போடாமல் சுருண்டு கிடக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. தட்டிக் கேட்கலாம் என்று நான் எழுந்தால் இவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விழித்தபோது விடிந்திருந்தது. இவர் நாற்காலியில் இல்லை. மகளின் அறைக்கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். நரைத்த தலை, கசங்கிய சட்டை, செருப்பில்லாத கால். அந்த நிற்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்து லிஃப்ட் கதவில், சின்னக் கவுன் போட்டுக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் நின்றதே ஒரு குட்டி, அதே நிற்பு.

"பொண்ணு தூங்கட்டும், வாங்க இப்படி" என்று அதட்ட வாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. காலிக் கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம்.

டங். டங். டங்.

இவர் அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ஏறிட்டா" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் கேட்டாள்: "அம்மா, சூப் இன்னும் இருக்கா?"

"இல்லடி, அன்னன்னைக்குத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டு, நான் சட்டியைத் துடைத்து அடுப்பில் வைத்தேன்.